கையொப்பம் தமிழனுடையது, தாள் எவனுடையது?

தமிழ்நாட்டில் ஒரு தமிழன் வணிகந் தொடங்க வேண்டுமாயின், அவன் முதற்கண் செய்ய வேண்டிய வினை யாது? முதல் திரட்டுவதா? இடம் பார்ப்பதா? ஆள் அமர்த்துவதா? இவையெல்லாம் பின்னர்! தனக்கு விளங்காத ஒரு மொழியில், தான் படித்தறியாத ஒரு தாளில், தன் பெயரைக் கையொப்பமாக இட்டுக் கொடுப்பதே இன்று அவன் செய்யும் முதல் வினை. இதனை மிகை என்பார் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வந்து பார்க்கட்டும்.

சின்னமனூருக்கு அணித்தான ஓர் ஊரில் பன்னீர்க் கொடிமுந்திரி பயிரிடும் உழவர் நால்வர், தாட்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். ('திராட்சை' என்னும் வடசொல் வந்து மறைத்துவிட்ட பழத்தின் பெயர்தான் கொடிமுந்திரி.) விலை சரிந்த ஆண்டொன்றில், பழத்தைக் கொடியிலேயே அழுகவிட உளங்கொள்ளாமல், நால்வருங்கூடிச் சாறு பிழிந்து புட்டியிலடைத்து விற்கும் தொழிலில் இறங்கியிருந்தனர். நகரத்து முகவர் ஒருவர், "பிரைவேட் லிமிடெட்டாகப் போட்டுவிடுங்கள், அதுதான் மதிப்பு" என்றாராம். ஆதார் எண்ணைக் கேட்டார்; வரி எண்ணைக் கேட்டார்; கைப்பேசிக்கு வந்த மறை எண்களைக் கேட்டு வாங்கினார்; இரண்டே கிழமைக்குள் குழுமம் ஒன்றைப் பதிந்து கொடுத்துவிட்டார். பெயர் ஆங்கிலம். அதன் அமைப்புமுறி ஆங்கிலம். அதன் நடப்பு விதிகள் ஆங்கிலம். நால்வர்க்கும் உரிய கணினிக் கையொப்பக் கருவிகளை, ஒரு விரல் நீளமே உள்ள அச்சிறு பொருள்களை, "உங்களுக்கு இவற்றால் பயனில்லை" என்று அவரே வைத்துக்கொண்டார். கைந்நாட்டு வைத்த நம் பாட்டனாவது தன் கட்டைவிரலைத் தன் கையிலேயே வைத்திருந்தான்!

இரண்டு பருவத்தில் தொழில் நொடித்தது. கொட்டகையைப் பூட்டினர், அத்துடன் குழுமமும் முடிந்ததென எண்ணினர். பின்னர் ஆங்கில மடல்கள் வரத் தொடங்கின. "ஐயா, கதவைப் பூட்டிச் சாவியையும் எடத்துக்காரருகிட்டக் குடுத்தாச்சு, இன்னும் எந்தக் கம்பெனிக்குப் பணம் கேக்குறாக?" என்று அவருள் மூத்தவர் என்னைக் கேட்டார்.

கதவைப் பூட்டினால் கடை சாகும், குழுமம் சாகாது. அது சட்டம் படைத்த தனியோர் ஆள். முறைப்படி கலைத்தாலோ, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கினாலோ அன்றி, அதன் கணக்கறிக்கையும் ஆண்டறிக்கையும் ஆண்டுதோறும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். 2018-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் தொட்டு, காலங்கடந்த ஒவ்வொரு படிவத்திற்கும் நாளொன்றுக்கு 100 உருபா கூடுதற் கட்டணம். படிவம் இரண்டு, ஓராண்டு கடந்தால் 73,000 உருபா. ஒரு புட்டிச் சாறும் விற்காத குழுமத்திற்கு! மூன்றாண்டு தொடர்ந்து அறிக்கை செலுத்தாத குழுமத்தின் இயக்குநர் ஐந்தாண்டுக்கு இயக்குநராகும் தகுதியை இழப்பர். 2017-இல் இவ்வாறு 3 இலக்கத்திற்கும் மேற்பட்டோர் தகுதியிழந்தோராக ஒன்றிய அரசால் அறிவிக்கப்பட்டனர். அவருள் பொய்க்குழுமம் நடத்தி ஏய்த்தோர் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின், தாம் இயக்குநர் ஆனதன் பொருளையே அறியாதாரும் அவருள் இருந்திருப்பர் என்பதில், இந்நால்வரைக் கண்டபின் எனக்கு ஐயமில்லை.

இதனினும் கொடியது அத் தாட்கட்டின் அடியிற் கிடந்தது. வைப்பகத்தில் கடன் வாங்கியபோது நால்வரும் தனித்தனியே பிணைமுறி எழுதிக் கொடுத்திருந்தனர். 'லிமிடெட்' என்னும் சொல்லுக்குப் பொருளே, போட்ட முதலுக்கு மேல் பங்காளரின் வீடும் நிலமும் கடனுக்கு ஆட்படா என்பதுதான். முகவர் அவர்க்கு விற்ற ஒரே நன்மை அது. அந்த நன்மையை அப் பிணைமுறி ஒரே பக்கத்தில் விழுங்கிவிட்டது. அப்பக்கமும் ஆங்கிலத்திலேயே இருந்தது. தாம் எழுதிக் கொடுத்ததை அவர்கள் அறிந்தது என் திண்ணையில்தான்.

இனிச் செய்திக்கு வருவோம். வணிகத்திற்குச் சட்டம் தரும் உருக்கள் பல. ஒருவனே முதலிட்டு ஒருவனே நடத்துவது தனியாள் வணிகம்; அதற்கென வேறு உடலில்லை, கடன் முழுதும் அவன் தலைமேல். சரக்கு சேவை வரி எண் பெற்றதாலோ, 2020-இலிருந்து ஒன்றிய அரசு சிறுதொழிலுக்குத் தரும் 'உத்யம்' எண் பெற்றதாலோ தம் கடை ஒரு குழுமமாகிவிட்டதென்று நம்மவர் பலர் மயங்குகின்றனர். அவை வெறும் எண்களே. (தமிழ்நாட்டுச் சிறுதொழிலன் தன் தொழிலுக்கு எண் வாங்குவதற்குக் கூட 'உத்யம்' என்று சொல்லித்தான் வாங்க வேண்டும், கடனுக்குப் போனால் 'முத்ரா' என்று சொல்ல வேண்டும். பெயரிடும் உரிமையையே முதலில் எடுத்துக்கொள்கின்றனர்!)

இருவரோ பலரோ கூடுவது கூட்டாண்மை. அதற்குரிய சட்டம் 1932-ஆம் ஆண்டினது. இதனைப் பதிந்தே தீரவேண்டுமென்னும் கட்டாயமில்லை. ஆயின் பதியாத கூட்டாண்மை, பணம் தராத வாடிக்கையாளன்மேல் உடன்படிக்கையைக் காட்டி வழக்கிட முடியாது. அச்சட்டத்தின் 69-ஆம் பிரிவு அவ்வாசலை அடைத்துவிடுகின்றது. பொறுப்புக்கு எல்லையில்லை; ஒரு கூட்டாளி பட்ட கடனுக்கு மற்றவன் வீடும் போகலாம். 2008-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த எல்லைப் பொறுப்புக் கூட்டாண்மையிலோ, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமையும் குழுமத்திலோ அவ்வச்சம் பெரிதும் நீங்குகின்றது. உழவர்க்கெனவே, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, பங்கு கூடினும் குறையினும் ஆளுக்கொரு வாக்கு என்னும் நெறியில் அமைக்கும் விளைப்பாளர் குழுமமும் உண்டு. 'உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்' என்று அரசுத் தாள்களில் வழங்குவது அதுவே. இவற்றோடு கூட்டுறவும் உண்டு.

இவ்வுருக்களுள் எது நல்லதென்று கணக்கர் சொல்வார். அதனை எவர் ஆள்கின்றார் என்று எவருஞ் சொல்வதில்லை. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். வணிகக் குழுமங்கள் ஒன்றியப் பட்டியலில். கூட்டுறவு மாநிலப் பட்டியலில். கூட்டாண்மை பொதுப் பட்டியலில். அட்டவணையில் உள்ள இந்த ஒரு வேறுபாடு கம்பத்து உழவனின் வாழ்வில் எப்படி வந்து இறங்குகின்றது பாருங்கள். அவன் கூட்டாண்மை அமைத்தால், அதனைப் பதிபவர் தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர். கூட்டாண்மை முறியை இன்ன மொழியில்தான் எழுத வேண்டுமென்று சட்டம் எங்குங் கட்டளையிடவில்லை, தமிழிலேயே எழுதலாம். பிணக்கு வந்தால் உத்தமபாளையத்திலோ தேனியிலோ உள்ள நயன்மன்றத்தில் தமிழிலேயே சான்றுரைக்கலாம். தீர்ப்பையும் தமிழில் எழுதலாமென 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வழிதிறந்து வைத்துள்ளது.

அதே உழவன் குழுமம் அமைக்கப் புகுந்தால்? அவன் பெயரைக் கொள்வதா தள்ளுவதா என முடிவு செய்வது அரியானாவில், மானேசர் என்னும் ஊரில் உள்ள நடுவண் பதிவகம். கம்பத்தில் பழுத்த பழத்தின் சாற்றுக்கு மானேசரில் பெயர்சூட்டு! அமைப்புமுறிக்கும் நடப்பு விதிகளுக்கும் ஆங்கிலப் படிவங்கள் ஆயத்தமாக உள்ளன; பெயரும் தொகையும் நிரப்புவதே நம் வேலை. பங்காளர்க்குள் பிணக்கு வந்து, தன்னை ஒடுக்குகின்றனர் என்று ஒருவன் முறையிட வேண்டின், உள்ளூர் மன்றத்திற்கு அதில் இடமில்லை. சென்னையில் உள்ள தேசியக் குழுமச் சட்டத் தீர்ப்பாயத்திற்குச் செல்ல வேண்டும். அத் தீர்ப்பாயத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, வேண்டுகை ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். வேறு மொழியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் உடன்வர வேண்டும். தேனிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள ஐந்நூறு கல்தொலை பெரிதன்று. தமிழுக்கும் அத் தீர்ப்பாயத்திற்கும் இடையே உள்ள தொலைவே பெரிது.

"அப்படியாயின் எல்லாருங் கூட்டாண்மையே அமைத்துக்கொள்க என்கின்றீரா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. மொழிப்பற்றின் பெயரால் ஓர் உழவனை அவன் தோட்டமும் வீடும் கடனுக்குப் போகும் வழியில் தள்ளிவிடும் அறிவீனம் நமக்கு வேண்டா. எல்லைப் பொறுப்பு என்பது மழைக்கு ஒதுங்கும் கூரை. வலியவன் அதன்கீழ் ஒதுங்குகின்றான். எளியவனுக்குத்தான் அது மிகுதியும் வேண்டும். அக்கூரையின் கதவில் ஆங்கிலப் பூட்டைப் போட்டு, திறவுகோலை முகவரிடம் கொடுத்துவைத்திருப்பதுதான் நம் குற்றச்சாட்டு. தமிழறிந்தவன் பாதுகாப்பில்லாத உருவில் நிற்க வேண்டும், ஆங்கிலமறிந்தவன் பாதுகாப்புள்ள உருவில் நிற்கலாம் என்பது எந்நாட்டு முறை?

குழுமம் என்னும் உருவே அயலானது, நமக்கு ஆகாது என்பாரும் நம்முள் உளர். அவர்க்கு 1906-ஐ நினைவூட்டுவேன். அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வ.உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை, அன்றிருந்த 1882-ஆம் ஆண்டுக் குழுமச் சட்டத்தின்கீழ்ப் பதிந்தார். முதல் 10 இலக்கம் உருபா, பங்கு 40,000, பங்கொன்று 25 உருபா. ஏன் 25? நூறும் ஐந்நூறும் வைத்திருந்தால் செல்வர் சிலரோடு முடிந்திருக்கும். இருபத்தைந்து என்றதனால் எளிய வணிகனும் ஒரு கப்பலுக்குப் பங்காளியானான். வெள்ளையன் சட்டத்தைக் கொண்டே வெள்ளையன் கப்பலை எதிர்த்தார் அவர். அக்கம்பெனியின் தலைவராக அமர்ந்தவர் எவர் தெரியுமா? 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய வள்ளல் பாண்டித்துரையார்! தமிழ் ஒருபுறம் வணிகம் ஒருபுறம் என்னும் பிரிவினை அவர்தம் உள்ளத்தில் இல்லை. அது பின்னாளில் நமக்கு வந்த நோய். 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலை வெல்லமுடியாதவர் கணக்கேட்டை வென்ற கதை அது, விரிப்பிற் பெருகும்.

தாளில் உள்ள ஒரு சொல் என்ன செய்துவிடும் என்று கேட்கும் உரிமை, பிற மாவட்டத்தானுக்கு இருப்பினும் இருக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கினனுக்கு இல்லை. அவன் குடிக்கும் நீரே ஒரு தாளில் இருந்துதான் வருகின்றது. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே எழுதப்பட்ட பெரியாற்றுக் குத்தகை முறி 999 ஆண்டுக்குரியது. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்திற்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 உருபா வாடகை. 1970-இல் அது 30 உருபாவாக உயர்த்தப்பட்டது. 1895-இல் அணை எழுந்து நீர் வந்தது. அம்முறியின் சொற்களை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டு வழக்காடினோம்! 2014-இல் உச்ச நயன்மன்றம் நீர்மட்டம் 142 அடி எனத் தமிழ்நாட்டின் பக்கம் தீர்ப்புரைத்தபோதும், அம்முறி இன்றும் செல்லும் என்பதே அதன் அடிக்கல். நூற்றிருபத்தெட்டு ஆண்டுக்கு முன் எழுதிய தாளின் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பார்த்து உரிமை காத்த மக்கள், தம் பெயரில் தம் ஊரில் நேற்று எழுதிய தாளைப் படிக்காமல் ஒப்பமிடுவதா? படிக்க முடியாமல் ஒப்பமிட வைப்பதா?

கூட்டுறவைப் பற்றி ஒரு சொல். ஒன்றியச் சட்டத்தின் பிடிக்கு வெளியே, தமிழிலேயே துணைவிதி எழுதி, தமிழிலேயே கூட்டம் நடத்தக்கூடிய உரு அது. 1904-இல் திருவல்லிக்கேணியிலும் திரூரிலும் தோன்றிய கழகங்கள் முதற்கொண்டு அதன் வரலாறு தமிழ்நாட்டில் நீண்டது. 2021 சூலையில் தில்லி கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் அமைத்தது; அதே சூலையில் உச்ச நயன்மன்றம், மாநிலங்களின் ஒப்புதல் பெறாமல் 97-ஆம் திருத்தம் கூட்டுறவிற்குள் நுழைத்த பகுதி மாநிலக் கூட்டுறவுகளுக்குச் செல்லாது என்று தள்ளியது. ஆக, இவ்வுரிமை இன்னும் நம் கையில்தான் உள்ளது. கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம்? தேர்ந்தெடுத்த குழுவைக் கலைத்துவிட்டுத் தனி அலுவலரை அமர்த்தி ஆண்டுக்கணக்கில் ஆளவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் வடவரல்லர். சென்னைக் கோட்டையில் மாறிமாறி அமர்ந்த நம்மவரே. தமிழில் எழுதிய துணைவிதியும் அலுவலரின் மேசை இழுப்பறையில் கிடந்தால் ஆங்கிலத் தாளுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? இதனைச் சொல்லாமல் தில்லியை மட்டும் ஏசிக்கொண்டிருப்பது நேர்மையாகாது.

நம் பிழை இன்னொன்றும் உண்டு. தேனிக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். எவருங் கட்டாயப்படுத்தாத இடத்திலும் 'எண்டர்பிரைசசு', 'டிரேடர்சு', 'அக்ரோ புட்சு'! வணிகம் எவன் கையில் இருக்கின்றதோ அவன் சொல் தெருவில் நிலைக்கும். போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலம் விடுகின்றனர். முதற்சொல் நம் மலைச்சொல், இரண்டாஞ்சொல் போர்த்துக்கீசியன் விட்டுச் சென்றது. மூத்தவர் கொடுத்துவிட்டு வந்த 'சாவி'யும் அவனுடையதே. அவன் போய் நூற்றாண்டுகள் ஆயின, சொல் போகவில்லை. 2023-இல் கம்பம் பன்னீர்க் கொடிமுந்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீட்டைத் தனி உழவன் ஒருவன் தன் பெயரில் கேட்க முடியாது. விளைப்போர் கழகமோ சட்டவழி அமைந்த அமைப்போ கேட்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயின் கிடைத்தபின், பயன்படுத்துவோனாகப் பதிந்துகொள்ளும் உரிமை அப்பழம் விளைக்கும் ஒவ்வொருவனுக்கும் உண்டு. ஊர்ப்பெயரே இவ்வளவு மதிப்புடைய பொருளாகிவிட்ட பின்பும், புட்டியின்மேல் அவ்வூர்ப்பெயரை விட்டுவிட்டு 'பிரெசு கிரேப்பு' என்று ஒட்டுபவனை என்னென்பது?

படித்த இளைஞர்க்கு ஒரு செய்தி, மனத்தில் இருத்துக. குழுமச் சட்டம் முழுதும் ஆங்கிலமாயினும், அதன் 12-ஆம் பிரிவு, குழுமம் தன் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் தொழில் நடக்கும் ஒவ்வோரிடத்தின் வெளியிலும் எழுதிவைக்க வேண்டும்; எழுதிய எழுத்து அவ்வட்டாரத்தில் வழங்கும் மொழியின் எழுத்தாக இல்லையேல், அம்மொழி எழுத்திலும் எழுத வேண்டும் என்கின்றது. தவறினால் நாளொன்றுக்கு 1,000 உருபா, ஓர் இலக்கம் வரை தண்டம். தில்லி இயற்றிய சட்டமே இது! தமிழ்நாட்டுக் கடைகள் நிறுவனங்கள் விதிகளின் 15-ஆம் விதியோ, பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும், பிறமொழி தமிழுக்குக் கீழேதான் என்கின்றது. உங்கள் ஊரில் ஆங்கிலம் மட்டும் எழுதித் தொங்கும் குழுமப் பலகைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணி, இவ்விரு விதிகளையும் மேற்கோள் காட்டி, தமிழில் ஒரு மடல் எழுதுங்கள். பலகை மாறட்டும், பின்னர் உள்ளே இருக்கும் தாளைக் கேட்போம். குறிக்கோளும் விதிகளும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி எதிலும் பதியப்படலாம் என்பதும், வைப்பகம் வாங்கும் பிணைமுறி ஒப்பமிடுவோன் அறிந்த மொழியில் இல்லாவிடில் அது செல்லாது என்பதும் சட்டமாகும் வரை கேட்போம்.

அந் நால்வருள் ஒருவர் நிலத்தை விற்றுக் கடனை அடைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். மற்ற மூவரும் குழுமத்தின் பெயரை முறைப்படி நீக்கும் வேலையில் இன்னும் அலைகின்றனர். ஆயினும் பழம் விளைவது நிற்கவில்லை. சென்ற பருவத்தில் அம்மூவரோடு இன்னொருவர் சேர்ந்து, சிறிய அளவில், கடனின்றி, கூட்டாண்மையாகத் தொடங்குவோம் என்றனர். முறியை நான் தமிழில் எழுதினேன். கூட்டாளி ஒருவர் இறப்பின் தொழில் கலையாமல் எஞ்சியோர் நடத்தலாம் என்பது முதலாக ஒவ்வொரு பிரிவையும் அதே திண்ணையில் உரக்கப் படித்தேன். பெண்டிரும் வந்து அமர்ந்து கேட்டனர். ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கு ஆளுக்கு எனப் படித்தபோது மூத்தவர் கையை உயர்த்தினார்.

"இழப்பு வந்தா என்ன கணக்குங்கய்யா?"

நான் அதனை எழுத மறந்திருந்தேன். எழுதுகோலை மீண்டும் எடுத்தேன்.